எதற்கு என்று கேட்டால் 'டு' என்று சொல்!



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "ஏதாவது உபயோகமா ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது, லேத் பற்றியோ வெல்டிங் பற்றியோதான் எழுத நினைத்தேன். ஆனால் ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில் ஒரு உண்மை புரிந்தது. இந்த மூன்று வருஷத்தில் என்னை அதிகமாகத் தண்ணி காட்டியது எந்த மெஷினும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து உள்ள ஒரு பொடி வார்த்தை. அதன் பெயர் 'டு'. ஆகவே அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். உங்களில் பலரும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால் இங்கே வரும் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஸ்பெல்லிங்கைப் பார்த்து மிரளாமல், வாய்விட்டுப் படிக்கத்தான் இந்த ஏற்பாடு. கண்ணால் மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். வெட்கப்படாமல் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

வைவாவில் கிடைத்த சிரிப்பு

இரண்டாம் வருஷம், ஒர்க்ஷாப் பிராக்டிகல். வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்திருந்தார். என் ஜாப் நன்றாகவே வந்திருந்தது. அளவு பார்த்தார், தலையாட்டினார். பிறகு கூலன்ட் குழாயைக் காட்டி, "ஒய் இஸ் கூலன்ட் யூஸ்டு?" என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வெட்டும்போது டூலின் முனையில் சூடு ஏறும். சூடு அதிகமானால் டூலின் கடினத்தன்மை குறைந்து முனை மழுங்கிவிடும். கூலன்ட் அந்தச் சூட்டை எடுத்துக்கொள்ளும், உராய்வைக் குறைக்கும், சுருள் சுருளாக வரும் சிப்ஸைக் கழுவிக்கொண்டு போகும். இத்தனையும் மனசுக்குள் தமிழில் ஓடுகிறது. வாயில் வந்தது இவ்வளவுதான்:

"சார், கூலன்ட் யூஸ்ட் டு கூல் த டூல்."

அவர் சிரித்துக்கொண்டே தமிழில் கேட்டார்: "அப்படியா தம்பி? முன்னாடியெல்லாம் கூல் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஏன் நிறுத்திடுச்சு?"

பக்கத்து லேத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்பது எனக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் ஆங்கில விரிவுரையாளரிடம் போய்க் கேட்டேன். "ஒரு 'இஸ்' விட்டுட்டே, அவ்வளவுதான்" என்றார். அதோடு நிறுத்தாமல், "டிப்ளமோ பசங்ககிட்ட கேக்குற கேள்வியில முக்கால்வாசி 'இது எதுக்கு?'ங்கிறதுதான். அதுக்குப் பதில் சொல்ற வாக்கியத்தை மட்டும் சரியாப் படிச்சுக்கோ, பாதிக் கிணறு தாண்டிடலாம்" என்றும் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். ஃப்யூஸ் எதற்கு? எர்த்திங் எதற்கு? கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது எதற்கு? மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் எதற்கு? நமக்கு எல்லாம் தெரியும். சொல்லத்தான் தெரியாது.

பதில் நம் தமிழிலேயே இருக்கிறது

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா நடத்திய வினையெச்சம் ஞாபகம் இருக்கிறதா? அதில் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் ஒன்று உண்டு. பார்க்க, வாங்க, வெட்ட, அளக்க, கேட்க. இவையெல்லாம் அந்த வகை.

'உன்னைப் பார்க்க வந்தேன்' என்கிறோம். வந்தது எதற்கு? பார்க்க. இந்தப் 'பார்க்க' என்பதுதான் ஆங்கிலத்தில் 'டு சீ'.

ஐ கேம் டு சீ யூ.

இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பார்க்க வந்தேன், பார்க்க வருகிறேன், பார்க்க வருவேன். காலம் மூன்றும் மாறியது. 'பார்க்க' மாறியதா? இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியேதான்.

ஐ கேம் டு சீ யூ.
ஐ வில் கம் டு சீ யூ.
ஷி வென்ட் டு த ஸ்டோர் டு பை எ டிராஃப்டர்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? 'வென்ட் என்பது இறந்த காலமாச்சே, அப்போ பின்னாடி வருவதும் இறந்த காலமா இருக்கணுமே' என்று நினைத்து, 'ஐ வென்ட் டு பாட் எ டிராஃப்டர்' என்கிறோம். தமிழில் 'டிராஃப்டர் வாங்கினேன் போனேன்' என்று யாராவது சொல்வார்களா? 'டு'வுக்குப் பின்னால் வினைச்சொல்லின் வேர் மட்டும்தான் நிற்கும். காலம், ஒருமை, பன்மை எதற்கும் அது அசையாது. இதுதான் முதல் விதி.

'ஃபார்' எப்படி உள்ளே நுழைந்தது?

'ஐ கேம் ஃபார் சீ யூ', 'ஐ கேம் ஃபார் ஆஸ்கிங் லீவ்', 'ஐ வென்ட் ஃபார் டு பே த ஃபீஸ்'. இந்த மூன்றையும் நான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். எதனால் இப்படி வருகிறது என்று பல நாள் குழம்பினேன். ஒரு நாள் கேன்டீனில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பிடிபட்டது.

நாம் பேசும்போது 'பார்க்க வந்தேன்' என்று சொல்வது குறைவு. 'பாக்குறதுக்கு வந்தேன்', 'லீவு கேக்குறதுக்கு வந்தேன்', 'ஃபீஸ் கட்டுறதுக்காகப் போனேன்' என்றுதான் அதிகம் சொல்கிறோம். அந்த வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'க்கு' இருக்கிறதே, அதுதான் ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஃபார்' ஆகிவிடுகிறது!

ஆக, வழி சுலபம். மனசுக்குள் 'பாக்குறதுக்கு' என்று வந்தால், வாயைத் திறப்பதற்கு முன் அதைப் 'பார்க்க' என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'கேக்குறதுக்கு' என்றால் 'கேட்க'. 'கட்டுறதுக்கு' என்றால் 'கட்ட'. பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு ஒரு படி ஏறினால், அங்கிருந்து ஆங்கிலம் ஒரு எட்டுதான்.

'ஃபார் டு' என்று சொன்னதற்காக ரொம்பவும் கூச்சப்படவும் வேண்டாம். ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே அப்படித்தான் எழுதினார்கள். 1611-ல் இங்கிலாந்தில் அச்சான புகழ்பெற்ற பைபிள் மொழிபெயர்ப்பில்கூட இந்த 'ஃபார் டு' இருக்கிறது. பிறகு பொது வழக்கில் 'ஃபார்' உதிர்ந்து போய் 'டு' மட்டும் நின்றுவிட்டது. இப்போது பரீட்சையிலோ இன்டர்வியூவிலோ 'ஃபார் டு' சொன்னால் தப்புதான்.

அப்படியானால் 'ஃபார்' எங்கே வரலாம்? இரண்டு இடத்தில் தாராளமாக வரலாம்.

ஒன்று, பின்னால் பெயர்ச்சொல் வந்தால். 'ஐ கேம் ஃபார் மை ஹால் டிக்கெட்' சரி. அதையே வினையாகச் சொன்னால் 'ஐ கேம் டு கெட் மை ஹால் டிக்கெட்'.

இரண்டு, ஒரு பொருளின் பொதுவான வேலை என்ன என்று சொல்லும்போது. 'திஸ் டூல் இஸ் ஃபார் கட்டிங் த்ரெட்ஸ்' சரி. 'திஸ் டூல் இஸ் யூஸ்டு டு கட் த்ரெட்ஸ்' என்பதும் சரி. ஆனால் நீங்கள் ஒரு காரியமாகப் போனீர்கள், வந்தீர்கள், நின்றீர்கள் என்று சொல்லும்போது 'டு' மட்டும்தான். 'ஐ கேம் ஃபார் ஆஸ்கிங்' என்பது எடுபடாது.

'இஸ்' விட்டால் ஆபத்து

இப்போது என் வைவா கதைக்கு வருவோம். 'யூஸ்ட் டு' என்பதற்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு பொருள் உண்டு. முன்பு வழக்கமாகச் செய்தேன், இப்போது செய்வதில்லை என்பதே அது. 'ஐ யூஸ்ட் டு பிளே கபடி' என்றால், முன்னே ஆடிக்கொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன். நான் 'இஸ்' சேர்க்காததால், என் கூலன்ட்டும் பாவம், ரிட்டயர் ஆகிவிட்டது!

உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு. பழக்கத்தைச் சொல்லும் 'யூஸ்ட் டு'வில் நடுவில் வரும் ஓசை, குக்கர் ஆவி போவது போல 'ஸ்ஸ்'. பயன்படுகிறது என்று சொல்லும் 'இஸ் யூஸ்டு டு'வில் அதே இடத்தில் தேனீ ரீங்காரம் போன்ற அதிர்வு. தொண்டையில் கை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வு தெரியும்.

நம் துறை நண்பர்களுக்காக சில வாக்கியங்கள்:

மெக்கானிக்கல்: எ வெர்னியர் காலிப்பர் இஸ் யூஸ்டு டு மெஷர் லெங்த்ஸ் அக்யுரேட்லி.

எலெக்ட்ரிக்கல்: எ ஸ்டார்ட்டர் இஸ் யூஸ்டு டு லிமிட் த ஸ்டார்ட்டிங் கரன்ட்.

சிவில்: த ஸ்லம்ப் டெஸ்ட் இஸ் டன் டு செக் த ஒர்க்கபிலிட்டி ஆஃப் ஃப்ரெஷ் கான்கிரீட்.

எலெக்ட்ரானிக்ஸ்: எ ரெக்டிஃபையர் இஸ் யூஸ்டு டு கன்வர்ட் ஏசி டு டிசி.

கம்ப்யூட்டர்: வி டேக் எ பேக்கப் டு புரொடெக்ட் த டேட்டா.

ரெக்டிஃபையர் வாக்கியத்தில் இரண்டு 'டு' இருப்பதைக் கவனித்தீர்களா? 'டு கன்வர்ட்' என்பது நோக்கம். 'டு டிசி' என்பது எதை நோக்கிப் போகிறது என்ற திசை. 'டு'வுக்குப் பின்னால் வினை இருக்கிறதா, பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும். உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் திசை காட்டிக்கொண்டிருந்த 'டு'தான் வினைக்கு முன்னால் வந்து நின்றபோது நோக்கம் காட்ட ஆரம்பித்தது. நோக்கம் என்பதே மனசு போகிற திசைதானே!

நெல் விளைய மழை பெய்தது

இதுவரை தமிழ் நமக்குக் கைகொடுத்தது. இனி கொஞ்சம் ஜாக்கிரதையாகப் போகவேண்டிய இடம்.

தமிழ் இலக்கணத்தில் 'நெல் விளைய மழை பெய்தது' என்று உதாரணம் காட்டுவார்கள். விளைவது நெல், பெய்வது மழை. செய்கிற ஆள் இரண்டு. தமிழில் எச்சம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆங்கில 'டு' அப்படித் தாங்காது. தனியாக வரும் 'டு'வுக்கும் முன்னால் வரும் வினைக்கும் ஆள் ஒன்றாக இருக்க வேண்டும்.

வெல்டிங் ஷாப்பில் புகை மண்டியது. 'புகை போக ஜன்னலைத் திறந்தேன்' என்பதை நான் ஒருமுறை இப்படிச் சொன்னேன்: 'ஐ ஓப்பன்டு த விண்டோ டு கோ அவுட்.' கேட்டவர், "ஏன், கதவு என்ன ஆச்சு?" என்றார். என் வாக்கியத்தின்படி ஜன்னல் வழியாக வெளியே போனது புகை அல்ல, நான்!

இதைச் சரியாகச் சொல்ல மூன்று வழி இருக்கிறது.

ஐ ஓப்பன்டு த விண்டோ ஃபார் த ஸ்மோக் டு கோ அவுட். போகிற ஆளை 'ஃபார்' போட்டு முன்னால் நிறுத்திவிட்டோம்.

ஐ ஓப்பன்டு த விண்டோ டு லெட் த ஸ்மோக் அவுட். 'வெளியே விட' என்று மாற்றிவிட்டால் விடுகிறவன் நான்தான். ஆள் ஒன்றாகிவிட்டது.

ஐ ஓப்பன்டு த விண்டோ ஸோ தட் த ஸ்மோக் குட் கோ அவுட். இது முழு வாக்கியம். சந்தேகம் வந்தால் இதுதான் பத்திரமான வழி.

இன்னொன்று. 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்றும் சொல்கிறோம். இங்கே 'பெய்ய' என்பது நோக்கம் இல்லை, காரணம். இதற்கு 'டு' போடவே கூடாது; 'பிகாஸ்' போடுங்கள். தமிழில் 'செய' எச்சம் வந்துவிட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 'டு' போடாமல், 'எதற்கு?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'கூடாது' என்பதற்காக

'டூல் உடையாமல் இருக்க மெதுவாக ஃபீட் கொடுத்தேன்.' இதில் நோக்கம், ஒன்று நடக்கக் கூடாது என்பது. இங்கே வெறும் 'நாட் டு' போட்டால் சரியாக நிற்காது. 'ஸோ ஆஸ் நாட் டு' அல்லது 'இன் ஆர்டர் நாட் டு' என்று போட வேண்டும்.

ஐ ஃபெட் த டூல் ஸ்லோலி ஸோ ஆஸ் நாட் டு பிரேக் இட்.

இது வாயில் நுழையவில்லையா? கவலை வேண்டாம். 'தவிர்க்க', 'தடுக்க' என்று திருப்பிப் போட்டால் சாதாரண 'டு'வே போதும்.

வி அப்ளை பெயின்ட் டு ப்ரிவென்ட் ரஸ்ட்.
ஐ லெஃப்ட் எர்லி டு அவாய்டு த டிராஃபிக்.

தொட்டியும் ஒரு வரியும்

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். யார் மேலும் குற்றம் சொல்வதற்காக அல்ல. தப்பு என்னுடையது.

நாலாம் செமஸ்டர் விடுமுறையில் ஒரு தொழிற்சாலையில் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போயிருந்தேன். பாகங்களைக் கழுவும் பெரிய தொட்டி ஒன்று அங்கே இருந்தது. அடியில் திரவத்தைக் கலக்கும் ஸ்டிரர் சுற்றும். ஒரு நாள் மத்தியானம் அதை நிறுத்தி, திரவத்தை வடித்துவிட்டு, ஹெல்ப்பர் அண்ணன் ஒருவர் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஷிஃப்ட் மாறும் நேரம். அடுத்த ஷிஃப்ட் என்ஜினியருக்குத் தமிழ் தெரியாது. "லாக் புக்கில் ஒரு வரி எழுதி வைப்பா" என்று என்னிடம் சொன்னார்கள். நானும் பெருமையாக எழுதினேன்:

'வி ஸ்டாப்டு கிளீனிங் த டேங்க்.'

நான் நினைத்தது, தொட்டியைச் சுத்தம் செய்ய நிறுத்தியிருக்கிறோம் என்று. அந்த வாக்கியத்துக்கு அர்த்தமோ, சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டோம் என்று. அதாவது வேலை முடிந்தது, இனி ஓட்டலாம்!

படித்தவர் போய் பட்டனை அழுத்தினார். ஸ்டிரர் சுற்றியது.

உள்ளே இருந்த அண்ணன் இரண்டு நிமிஷம் முன்னால்தான் டீ வந்துவிட்டது என்று மேலே ஏறி வந்திருந்தார். டம்ளரைக் கையில் பிடித்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "படிச்ச புள்ள, பாத்து எழுதுப்பா" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உள்ளே ஆள் இறங்கும்போது மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து, அதில் பூட்டுப் போட்டு, சாவியை இறங்குகிறவரே வைத்துக்கொண்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று பலகை மாட்ட வேண்டும் என்பது பிற்பாடு எனக்குச் சொல்லித் தரப்பட்டது. ஒரு வரி எழுத்தை நம்பி யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. அது வேறு பாடம், அதையும் மறக்காதீர்கள். ஆனால் அந்த ஒரு வரியைச் சரியாக எழுத வேண்டியது என் பொறுப்பு.

ஆகவே இதை மட்டும் மனப்பாடமே செய்துவிடுங்கள்:

'ஸ்டாப்' என்பதற்குப் பின்னால் 'டு' வந்தால், அதைச் செய்வதற்காக நிறுத்தினோம். 'இங்' வந்தால், அதைச் செய்வதையே நிறுத்தினோம்.

வி ஸ்டாப்டு டு டாக். பேச நின்றோம்.
வி ஸ்டாப்டு டாக்கிங். பேச்சை நிறுத்தினோம்.

நான் எழுதியிருக்க வேண்டியது: 'வி ஸ்டாப்டு த ஸ்டிரர் டு கிளீன் த டேங்க். எ மேன் இஸ் இன்சைடு.' அந்த இரண்டாவது வாக்கியம் இலக்கணத்துக்காக இல்லை, உயிருக்காக.

எல்லா 'டு'வும் நோக்கம் இல்லை

'ஐ வான்ட் டு கோ' என்பதில் 'டு கோ' எதற்கு என்று சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று சொல்கிறது. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு கேஜ் இருக்கிறது. 'டு'வுக்கு முன்னால் 'இன் ஆர்டர்' என்ற இரண்டு வார்த்தையைச் செருகிப் பாருங்கள். நம் 'கோ, நோ-கோ கேஜ்' மாதிரிதான். பொருந்தினால் நோக்கம். பொருந்தாவிட்டால் வேறு.

ஐ கேம் இன் ஆர்டர் டு சீ யூ. பொருந்துகிறது.
ஐ வான்ட் இன் ஆர்டர் டு கோ. பொருந்தவில்லை.

'ஐ ரீச்டு த பஸ் ஸ்டாண்டு ஒன்லி டு ஃபைண்டு தட் த லாஸ்ட் பஸ் ஹேட் கான்.' கடைசி பஸ் போய்விட்டதைப் பார்ப்பதற்காக யாராவது ஓடிப்போவார்களா? இது நோக்கம் இல்லை, நேர்ந்த கதி!

இந்த 'இன் ஆர்டர் டு'வை ரெக்கார்டு நோட்டிலும் புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் எழுதலாம், கம்பீரமாக இருக்கும். பேசும்போது வெறும் 'டு' போதும். கேன்டீனில் போய் 'ஐ ஹேவ் கம் இன் ஆர்டர் டு டிரிங்க் டீ' என்றால் டீ மாஸ்டர் பயந்துவிடுவார்.

மெஷின் மேனுவல்களில் நோக்கம் முதலில் வரும்: 'டு ஸ்டார்ட் த மோட்டார், பிரஸ் த கிரீன் பட்டன்.' எது வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பிறகு சொல்கிறார்கள். நீங்கள் எக்ஸ்பெரிமென்ட் புரொசீஜர் எழுதும்போதும் இப்படி எழுதலாம்.

பெயர்ச்சொல்லை ஒட்டியும் 'டு' வரும். 'குடிக்கத் தண்ணீர்' என்பது 'வாட்டர் டு டிரிங்க்'. ஆனால் 'உட்கார நாற்காலி' என்றால் 'எ சேர் டு சிட் ஆன்'. கடைசியில் அந்த 'ஆன்' விட்டுப்போகக் கூடாது, ஏனென்றால் நாற்காலியின் மேல் உட்காருகிறோம். 'எழுதப் பேனா' என்றால் 'எ பென் டு ரைட் வித்'.

செய்து பாருங்கள்

விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

1. ஹால் டிக்கெட் வாங்க ஆபீஸுக்குப் போனேன்.
2. மைக்ரோமீட்டர் கம்பியின் விட்டத்தை அளக்கப் பயன்படுகிறது.
3. தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டினோம்.
4. லேட் ஆகாமல் இருக்க ஓடினோம்.
5. டீ குடிக்க வேலையை நிறுத்தினார்கள்.

விடைகள்:

1. ஐ வென்ட் டு த ஆபீஸ் டு கெட் மை ஹால் டிக்கெட்.
2. எ மைக்ரோமீட்டர் இஸ் யூஸ்டு டு மெஷர் த டயாமீட்டர் ஆஃப் எ ஒயர்.
3. வி டக் எ சேனல் ஃபார் த வாட்டர் டு டிரெயின் அவே.
4. வி ரேன் ஸோ ஆஸ் நாட் டு பி லேட்.
5. தே ஸ்டாப்டு ஒர்க் டு டிரிங்க் டீ.

மூன்றாவது சரியாக வந்திருந்தால் உங்களுக்கு நான் ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி

'ஒய்?' என்று யாராவது கேட்டால் முழு வாக்கியம் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'ஒய் டிட் யூ ஓப்பன் த கவர்?' 'டு செக் த ஆயில் லெவல்.' அவ்வளவுதான். சுருக்கமாக, சரியாக, நிமிர்ந்து நின்று சொன்னால் போதும்.

போன மாதம் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். டெக்னிக்கல் கேள்வியெல்லாம் முடிந்த பிறகு ஒருவர் கேட்டார்: "ஒய் டூ யூ வான்ட் திஸ் ஜாப்?" எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று தயாராக இருந்தது. ஆனால் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக நைட் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். வேலைக்குப் போகிறவன் நான், தூங்க வேண்டியவர் அவர். ஆள் இரண்டு. வெறும் 'டு' போதாது என்று அந்த நேரத்திலும் மனசு சொன்னது.

"ஸோ தட் மை ஃபாதர் கேன் ஸ்லீப் அட் நைட், சார்" என்றேன்.

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள், ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால் மனசில் இருந்ததை, இருந்தபடியே, தப்பில்லாமல் ஒரு அந்நியரிடம் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை.

நண்பர்களே, நமக்கு அறிவு குறைவில்லை. கைத்தொழில் குறைவில்லை. எதற்காக இதைச் செய்கிறோம் என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதைச் சொல்லிவிட ஒரு சின்ன 'டு' போதும். நாளையிலிருந்து பயப்படாமல் பேசிப் பாருங்கள். தப்பு வந்தால் வரட்டும்; என் கூலன்ட்டை விடவா பெரிய தப்பு வந்துவிடப் போகிறது?



மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்